கார்புரேட்டர் கண்ட வில்ஹெல்ம் மேபாக்

காஞ்சிபுர மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் நாள்தோறும் உருவாகின்றன. பெட்ரோலால் ஓடும் மோட்டார் சைக்கிளை உலகிற்கு முதற்கண் ஈந்த இருவருள் ஒருவர், பெற்றோரை இழந்து பிறர் இட்ட சோற்றில் வளர்ந்தவர் என்பதை நம்மவருட் பலர் அறியார்.

அவரே வில்ஹெல்ம் மேபாக். 1846-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு தச்சர்க்கு மகனாய்த் தோன்றினார். பத்து வயதளவில் தாயுமில்லை, தந்தையுமில்லை. ராய்ட்லிங்கன் நகரில் குஸ்டாவ் வெர்னர் என்னும் போதகர் நடத்திவந்த இல்லம் அவரை ஏற்றது. எந்திரங்களில் அவர்க்கிருந்த நாட்டத்தைக் கண்ட வெர்னர், இல்லத்துப் பட்டறையில் வரைபடம் பயிலச் செய்தார். அப்பட்டறைக்குத் தலைவராய் வந்த காட்லீப் டைம்லர் இளைஞரின் திறனை நன்குணர்ந்தார். அன்று அரும்பிய நட்பு 1900-இல் டைம்லர் இறக்குமளவும் குன்றவில்லை. பெயரும் புகழும் பெரிதும் டைம்லரையே சேர்ந்தன. வரைபடங்களோ மேபாக்கின் மேசையிற் பிறந்தன.

1882-இல் இருவரும் கான்ஸ்டாட் என்னும் ஊரில், டைம்லரது தோட்டத்தில் மறைவாகப் பட்டறை அமைத்தனர். ஓயாது எழும் ஓசை கேட்டு ஐயுற்ற தோட்டக்காரன், உள்ளே கள்ள நாணயம் அடிக்கின்றனர் எனக் காவலர்க்கு அறிவித்தான். காவலர் புகுந்து தேடி எஞ்சினையன்றிப் பிறிதொன்றும் கண்டிலர்! 1885-இல் அரைக் குதிரைத் திறனுள்ள எஞ்சினை மரத்தாலான இருசக்கர வண்டியிற் பூட்டி ஓட்டினர்.

ஆயினும் ஓர் இடர் நின்றது. எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்தே ஊட்டல் வேண்டும். பழைய முறையிற் பெட்ரோலின் மேற்பரப்பிற் காற்றைச் செலுத்தி ஆவியைக் கவர்வர். இலேசான பகுதி முன்னர் ஆவியாகக் கனத்த பகுதி தேங்கும். கலவை ஒரு நிலையில் நில்லாது. 1893-இல் மேபாக் இதற்கு வழி கண்டார். சிறு கலத்தினுள் மிதவையொன்று பெட்ரோலின் மட்டத்தை மாறாது காக்கும்; எஞ்சின் உறிஞ்சுங் காற்று நுண்குழாயொன்றைக் கடந்து விரையுங்கால் பெட்ரோலைத் தூவலாய் ஈர்த்துச் செல்லும். இதுவே பின்னாளில் யாவரும் அறிந்த கார்புரேட்டர். அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் தாமாகவே இக்கருத்தை எய்தினர் என்பதை மறைத்தல் நேர்மையன்று.

1901-ஆம் ஆண்டின் மெர்ஸிடிஸ் காரும் அவர் வரைந்ததே. 1907-இல் டைம்லர் கம்பெனியினின்று விலகினார். பின்னர்த் தம் மைந்தருடன் செப்பெலின் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் அமைக்குந் தொழிலில் ஈடுபட்டார். 1929 டிசம்பர் 29-இல் இறந்து, கான்ஸ்டாட்டில் டைம்லர் துயிலும் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கமானார்.

அவர் கருவி அவர்க்குப்பின் தொண்ணூறாண்டு நம் மோட்டார் சைக்கிள்களில் வாழ்ந்தது. எளிமையே அதன் சிறப்பு. மின்சாரம் வேண்டா, தெருவோரப் பட்டறையிற் கழற்றி, ஊதி, கழுவி மாட்டலாம். ஆனாற் காற்றின் இழுப்பையன்றி வேறொன்றும் அது அறியாது. மலைமேற் காற்று மெலிந்தாற் பெட்ரோல் விகிதம் மிகும், புகையும் மிகும். இஞ்செக்ஷன் முறையிலோ பம்பு பெட்ரோலை அழுத்தி வைக்க, மின்னணுக் கருவி காற்றின் அழுத்தம், வெப்பம், புகையில் எஞ்சிய ஆக்ஸிஜன் இவற்றை அளந்து, வேண்டுமளவே பீச்சுவிக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வர, புல்லட் 350-உம் கார்புரேட்டரைக் கைவிட்டது.

இதனால் மேபாக் தோற்றாரென்பார் உளர். காஞ்சி நெசவிலும் அடை போய் ஜக்கார்டு வந்தது. சேலையிற் பூ விழுவது நின்றதா? பெட்ரோலை அளந்து தூவுதல் என அவர் வகுத்த நெறியே இஞ்செக்ஷனிலும் நடைபெறுகின்றது. அளக்குங் கை ஒன்றே மாறிற்று என்பது எம் கருத்து. பழைய புல்லட்டுகள் காஞ்சியின் ராஜவீதிகளில் இன்னும் ஓடுகின்றன. குளிர்ந்த காலையில் அவற்றின் உரிமையாளர் சோக்கை இழுத்து, இரண்டு மூன்று முறை உதைத்தே கிளப்புகின்றனர்.