மஞ்சளுக்கு முன் வந்த தடிப்பு

மௌலா அலி மலையடிவாரத்தில் நானும் என் அறைத் தோழரும் குடியிருந்த காலம். ஒருநாள் காலை அவர் உடலெங்கும் காணாக்கடித் தடிப்புகள்; விரல் மூட்டுகளில் வலி. முந்திய இரவு உண்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே தீர்ப்புக் கூறினேன். சில நாட்களில் தடிப்பு மறைந்தது, மகிழ்ந்தோம். அடுத்த வாரம் அவர் கண்கள் மஞ்சளித்தன. இரத்தச் சோதனை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் காட்டிற்று. தடிப்புதான் முன்னறிவிப்பு என்பதை நான் அறியவில்லை. வெகுகாலத்துக்கு முன்பே அதைக் கண்டுகொண்ட ஒருவர் இருந்தார். அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ராபர்ட் கிரேவ்ஸ் 1796-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். 1818-இல் மருத்துவப் பட்டம் பெற்று ஐரோப்பாவைச் சுற்றினார். ஜெர்மன் மொழியை அத்துணை நன்றாகப் பேசியதால், ஒற்றரென ஐயுற்று ஆஸ்திரியாவில் அவரைச் சிறையிட்டனர். கடலில் புயல் வீசியபோது, கப்பலைக் கைவிட்டுத் தப்ப முயன்ற மாலுமிகளின் படகைக் கோடரியால் பிளந்து, தம் காலணித் தோலால் நீரிறைக்கும் பொறியைச் செப்பனிட்டு எல்லோரையும் காத்தார் என்பர்.

பின்னர் டப்ளின் மீத் மருத்துவமனையில் பணியேற்றார். ஏட்டை மட்டும் புரட்டிப் பட்டம் பெறுவது அவருக்கு உடன்பாடன்று. மாணவரை நோயாளியின் கட்டிலருகே நிறுத்தி, பார்க்கவும் கேட்கவும் பழக்கினார். அவ்வாறு பார்த்த கண்தான், மூட்டுவலியும் தடிப்பும் காமாலையும் ஒருவரிடமே தொடர்ந்து வருவதைக் கண்டது. 1843-இல் வெளியான தம் விரிவுரைகளில் அதைக் குறித்தார். வைரஸ் என்பதையே உலகம் அறியாத காலம் அது! 1853-இல் அவர் மறைந்தார்.

நூறாண்டுக்குப் பின்னரே காரணம் விளங்கிற்று. 1960-களில் புளூம்பெர்க் இவ்வைரஸின் மேலுறைப் புரதத்தை இரத்தத்தில் கண்டறிந்தார். அப்புரதமும் நம் உடலின் எதிர்ப்பொருளும் பிணைந்து, தோலின் நுண்குழாய்களிலும் மூட்டுகளிலும் படிகின்றன. தடிப்பும் வலியும் அதனால்தான். மஞ்சள் தோன்றுமுன் அவை பெரும்பாலும் மறைந்துவிடும்.

எல்லாத் தடிப்பும் காமாலை ஆகாது. ஆயினும் தடிப்போடு காய்ச்சலும் மூட்டுவலியும் சோர்வும் கூடினால், நண்பர்களே, டாக்டரிடம் செல்லுங்கள். இந்நோய் இரத்தத்தின் வழியும் பரவும். நாங்களோ ஒரே சவரக் கத்தியைப் பகிர்ந்து வந்தோம்! சோதனையில் எனக்கு நோயில்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டேன். தோழரும் நலமுற்றார். அன்று நான் தீர்ப்புக் கூறாமல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.