மூன்றாம் வகுப்போடு நின்ற ஜி.டி. நாயுடு

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோவில் சேர்ந்த நாள் முதல், எங்கள் தெருப் பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் பெயர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவரே அவ்வளவு பெரிய ஆளாக வந்தார், நீ மூணு வருஷம் ஃபீஸ் கட்டி என்ன சாதிக்கப் போறே என்பது அதன் அர்த்தம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இந்தப் பேச்சு அப்பாவின் காதிலும் விழுகிறது. அதனால் அந்த மனிதர் உண்மையில் எப்படித்தான் வாழ்ந்தார் என்று தேடிப் படித்தேன். அதைச் சக மாணவ நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி அவர் மனதை விட்டுப் போகவில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? பகுதி பகுதியாகக் கழற்றி, மறுபடி பூட்டினார்!

கழற்றியதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். பூட்டியதை யாரும் சொல்வதில்லை. எது எதற்கு என்று புரியாமல் பூட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு உதவிக்குப் போவேன். பழைய அம்பாசடர் ஒன்று வந்தது. ராத்திரியில் ஹெட்லைட் மங்குது, காலையில் ஸ்டார்ட் ஆகல. ஓனர் புது பேட்டரி மாட்டியும் ரெண்டே நாளில் அதுவும் டவுன். அண்ணன் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. இஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தார், 12.2 வோல்ட். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ரேஸ் கொடுத்தும் 12-ஐத் தாண்டவில்லை. நல்ல ஆல்டர்னேட்டர் என்றால் 14 வோல்ட் பக்கம் ஏறியிருக்கணும். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், தொய்வு இல்லை. ஒயர்களும் டைட்டாக இருந்தன. அப்புறம்தான் ஆல்டர்னேட்டரை இறக்கினோம். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து, ஸ்லிப் ரிங்கைத் தொடாமலே நின்றது. பிரஷ் தொடாவிட்டால் ரோட்டருக்கு மின்சாரம் போகாது, காந்தப்புலம் உண்டாகாது. அப்புறம் ஸ்டேட்டரில் சார்ஜ் எங்கிருந்து வரும்? ரிங்கைச் சுத்தம் செய்து புது பிரஷ் போட்டதும் மீட்டர் 14.1 காட்டியது. எங்கே பார்க்கணும் என்று எனக்குக் காட்டியவர், அஞ்சாவது வரை படித்த அண்ணன். அது ஏன் என்று அவருக்குப் படம் போட்டுக் காட்டியது நான். ரெண்டு பேருக்கும் அன்று லாபம்தான்.

நாயுடு விஷயத்துக்கு வருவோம். 1920-ல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒன்று வளர்ந்து யு.எம்.எஸ். என்று இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்களாயிற்று. (நம்ம புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில்.) அந்தக் காலத்து பஸ்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். அதிலும் பிரஷ் தேயும்! அத்தனை வண்டிகளும் தினமும் ரோட்டில் ஓட வேண்டுமென்றால், பழுதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத் தெரிந்த கைகள் எத்தனை இருந்திருக்கணும் என்று யோசித்துப் பாருங்கள்.

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார். சவர ரேசர், பழச்சாறு பிழியும் கருவி என்று இன்னும் பல செய்தார். குறைந்த விலையில் இரண்டு பேர் போகும் கார் ஒன்றும் செய்தார், அதற்கு அரசு அனுமதி கிடைக்கவில்லை.

நம் தெருப் பெரியவர்கள் சொல்லாமல் விடுவது இதுதான். பள்ளிக்கூடத்தை விட்ட அந்த மனிதரே 1945-ல் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வேறு இடத்தில் இருக்கிறது. அவினாசி ரோட்டில் ‘ஹோப் காலேஜ்’ என்ற ஸ்டாப்பிங் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இத்தனை வருஷப் படிப்பு வேண்டாம், சீக்கிரமே கற்றுக்கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார். எனக்கு இதில் மனசு ரெண்டாக இருக்கிறது. ஒரு வருஷ ஃபீஸ் குறைந்தால் அப்பாவுக்கு எவ்வளவு சுமை இறங்கும்! ஆனால் தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு, இங்கிலீஷ் பாடப்புத்தகம் பிடிபடவே முதல் வருஷம் முழுசும் போயிற்று. நாயுடு போன்ற மூளைக்கு ஒரு வருஷம் போதும், நமக்கு மூணும் வேணும் என்பதே என் கட்சி.

1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். 2015-ல் கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரைச் சுமந்து ஜீடி கார் மியூசியம் திறந்தார்கள். பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். யூனியன் நிர்வாகிகள் அடுத்த இண்டஸ்ட்ரியல் டூரில் கோயம்புத்தூரையும் சேர்க்க வேண்டும் என்று எங்கள் வகுப்பு சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.