ஓடிக் காட்டச் சொல்லுங்கள்: ஆர்ச்சி ஸ்கொட் பிரவுணின் கதை

எங்கள் ஊரில் அண்ணா ஒருவர் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். 2009 இல் விழுந்த செல் ஒன்று அவருடைய வலது முழங்கைக்குக் கீழே எதையும் மிச்சம் விடவில்லை. பெட்டி பூட்டிய இயந்திரத்தை ஒடுங்கிய வயல் ஒழுங்கையில் அவர் பின்னுக்கு எடுப்பதை நின்று பார்க்கலாம். அவ்வளவு நேர்த்தி. சில வருடங்களுக்கு முன் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கப் போனார். அங்கே அவரை ஓடிக் காட்டச் சொல்லவில்லை. கையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் இதைச் சொன்ன அன்று எனக்கு ஆர்ச்சி ஸ்கொட் பிரவுணின் நினைவு வந்தது. ஊடகக் கற்கை படித்த காலத்தில், பழைய விளையாட்டுப் புகைப்படங்கள் பற்றி ஒப்படை ஒன்று எழுதும்போது அறிந்த பெயர் அது. காருக்குள் இருக்கும் படங்களில் அவரிடம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காருக்கு வெளியே நிற்கும் படத்தைப் பார்த்தபோதுதான் திகைத்துப் போனேன்.

ஆர்ச்சி 1927 மே மாதம் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தார். அவரை வயிற்றில் சுமந்த காலத்தில் தாய்க்கு ருபெல்லா எனப்படும் ஜேர்மன் சின்னமுத்து தொற்றியிருந்தது. குழந்தைக்கு வலது கை இல்லை. முழங்கைக்குக் கீழே சிறிய துண்டு மட்டுமே இருந்தது. கால்களும் கோணலாக வளர்ந்திருந்தன. நடக்க வைப்பதற்காகச் சிறு வயதிலேயே 20 இற்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் செய்தார்கள். வளர்ந்து ஆளான பிறகும் அவருடைய உயரம் ஐந்து அடிதான். கார்களில் ஈடுபாடு கொண்ட தகப்பன், புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பூட்டி மகனுக்கு ஒரு குட்டிக் கார் செய்து கொடுத்தார். கால்கள் ஒத்துழைக்காத பிள்ளை சக்கரங்களில் வேகமாக ஓடப் பழகியது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இங்கிலாந்து எங்கும் கைவிடப்பட்ட விமானத்தளங்கள் கிடந்தன. குண்டுவீச்சு விமானங்கள் எழுந்து போன ஓடுபாதைகள் கார்ப் பந்தயத் திடல்களாக மாறின. சில்வர்ஸ்டோனும் ஸ்நெட்டர்டனும் அப்படி வந்தவைதான். 1950 இல் பெற்றோல் பங்கீடு நீங்கியதும் ஊர்க் கழகங்களின் போட்டிகள் பெருகின. வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய்ப் பீப்பாக்களையும் வைத்து வளைவுகளைக் குறிப்பார்கள். சில போட்டிகளில் ஒவ்வொரு காராகத் தனியே ஓட, மணிக்கூடு மட்டும்தான் எதிராளி. புல்வெளிகளில் இன்று நடக்கும் ஓட்டோகுரொஸ் போட்டிகளும் அதே வகைதான். வந்தவர்களில் பெரும்பாலானோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். தங்கள் சொந்தக் காரில் வந்து, அதிலேயே போட்டியிட்டு, மாலையில் அதிலேயே வீடு திரும்பி, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள்.

ஆர்ச்சியும் அப்படி ஒருவர்தான். புகையிலை நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாகக் கிழக்கு இங்கிலாந்தின் வீதிகளில் நாள் முழுக்கக் கார் ஓடினார். சனி, ஞாயிறுகளில் தன்னுடைய எம்.ஜி. காரைப் போட்டிகளுக்குக் கொண்டு போனார்.

ஒரு கையால் எப்படி ஓடினார்? இங்கிலாந்துக் கார்களில் சாரதி வலப்பக்கம் இருப்பார். கியர் மாற்றுவது இடது கை. ஆர்ச்சியின் இடது கை மிகவும் பலமானது. அது கியருக்குப் போகும் கணங்களில் வலது கைத்துண்டால் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்துக்கொள்வார். கார் சறுக்கத் தொடங்கினால் அதை உடனே உணர்ந்து திருத்தும் சமநிலை அவரிடம் இயல்பாகவே இருந்தது.

கேம்பிரிட்ஜில் குடும்ப இரும்புத் தொழிலகத்தில் இருந்த பிரையன் லிஸ்டரும் வார இறுதிப் பந்தயக்காரர்தான். தன்னைவிட ஆர்ச்சி வேகமானவர் என்று கண்டதும், தன் காரின் ஆசனத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஆர்ச்சி ஓடுவதற்கென்றே தன் பெயரில் ஒரு காரைக் கட்டினார். 1954 ஏப்ரலில் ஸ்நெட்டர்டனில் அந்தக் கார் முதல் தடவையாக ஓடி வென்றது.

அடுத்தது ஓல்டன் பார்க்கில் பிரித்தானியப் பேரரசுக் கிண்ணப் போட்டி. பயிற்சி ஓட்டம் முடிந்த நேரத்தில் ஆட்சேபம் எழுந்தது. ஒரு கை உள்ளவரால் மற்ற ஓட்டுநர்களுக்கு ஆபத்து வரும் என்றார்கள். அவர் யாருடைய காரிலும் மோதியிருக்கவில்லை. பல வருடப் போட்டி அனுபவமும், சற்று முன்னர் பெற்ற வெற்றியும் இருந்தன. ஆயினும் போட்டியிலிருந்து நீக்கினார்கள். பந்தய அனுமதிப்பத்திரமும் பறிபோனது.

ஆர்ச்சி தனித்து விடப்படவில்லை. மருத்துவர்களும் பந்தய உலகின் மூத்தவர்களும் அவருக்காக வாதாடினார்கள். சில மாதங்களில் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைத்தது. அதே ஜூலையில் சில்வர்ஸ்டோனில் இரண்டு லீற்றர் பிரிவில் முதலாவதாக வந்தார். அடுத்த வருடம், எந்தப் போட்டியிலிருந்து அவரைத் திருப்பி அனுப்பினார்களோ, அதே ஓல்டன் பார்க்கில் அதே கிண்ணத்தை வென்றார்.

அதோடு கதவுகள் எல்லாம் திறந்துவிடவில்லை. 1956 இல் கொனொட் அணிக்காக பிரித்தானிய கிராண்ட் பிறீ போட்டியில் ஓடினார். கார் பழுதானதால் முடிக்க முடியவில்லை. அந்த வருடமே இத்தாலியில் நடந்த கிராண்ட் பிறீயில் ஓட அங்குள்ள அதிகாரிகள் அவரை அனுமதிக்கவில்லை. ஒரு நாட்டில் வாதாடி வென்ற நியாயத்தை அடுத்த எல்லையில் மீண்டும் முதலிலிருந்து வாதாட வேண்டியிருந்தது. எங்கள் மக்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல.

1957 இல் ஜகுவார் எஞ்சின் பூட்டிய லிஸ்டர் காரில் 14 பந்தயங்களில் ஓடி 11 இல் வென்றார். அந்த வருடம் அவருடைய கையைப் பற்றிப் பேசியவர்களைவிட அவருடைய வேகத்தைப் பற்றிப் பேசியவர்களே அதிகம். அவர் விரும்பியதும் அதுதான். இரக்கத்தால் கிடைக்கும் பாராட்டு அவருக்குத் தேவைப்படவில்லை.

1958 மே 18 ஆம் திகதி பெல்ஜியத்தின் ஸ்பா திடலில், அமெரிக்கரான மாஸ்டன் கிரெகரியோடு முதலிடத்துக்குக் கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். மழையில் நனைந்திருந்த ஒரு வளைவில் கார் சறுக்கிப் பாதையை விட்டு விலகித் தீப்பற்றியது. தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இருந்தவர் மறுநாள் இறந்தார். வயது 31.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது அண்ணா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த விபத்துக்கு இல்லாத கைதானா காரணம்?

அந்தக் கேள்விக்கு அந்த வளைவிலேயே பதில் இருந்தது. ஆர்ச்சியின் கார் சறுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் ரிச்சர்ட் சீமன் என்ற பந்தய வீரரின் நினைவுக்கல் நின்றது. 1939 இல், அதே இடத்தில், அதே போல மழையில் கார் சறுக்கித் தீப்பிடித்து இறந்தவர் சீமன். அவருக்கு இரண்டு கைகளும் இருந்தன.

அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆர்ச்சிக்காகப் பேசுவதற்கு டொக்டர்மார் இருந்தார்கள், தனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆர்ச்சிக்கு வசதியான குடும்பம் இருந்தது. அவரை நம்பிக் கார் கட்டிய நண்பர் இருந்தார். எங்கள் ஊர்களில் கை, கால் இழந்த பலருக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கவே ஆள் இல்லை.

எல்லோருக்கும் அனுமதிப்பத்திரம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓட முடியாதவருக்கு மறுப்பதில் பிழையும் இல்லை. ஆனால் ஓட முடியுமா, முடியாதா என்பதை ஓட வைத்துத்தான் பார்க்க வேண்டும். மறுப்பதற்கு முன் ஓடிக் காட்டச் சொல்லுங்கள். அண்ணா மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறார். இந்த முறை நானும் கூடப் போகிறேன்.