பெர்னார் புரூன்: பாறையிற் காலங் கண்டவர்

மாண்டார் பெயரைக் கல்லிற் பொறிப்பது உலக வழக்கம். காலத்தின் ஒரு பகுதிக்கே ஒருவர் பெயரை இட்டு வழங்குவதோ அரிதினும் அரிது. அப்பேறு பெற்ற பிரெஞ்சு அறிஞராகிய பெர்னார் புரூனின் சரிதத்தை நம் மாணாக்கர்க்குச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

இவர் 1867-ம் ஆண்டு துலூஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் பௌதிகப் பேராசிரியர். சகோதரருள் ஒருவராகிய ழான் புரூன் பூகோள சாஸ்திரத்திற் புகழ் பெற்றவர். பெர்னார் பாரிஸ் மாநகரிற் கல்வி பயின்று, லீல், டிஜோன் நகரங்களிற் போதித்து, 1900-ம் ஆண்டு கிளெர்மோன் நகரையடுத்த புயி-த-தோம் மலை ஆராய்ச்சி நிலையத்திற்குத் தலைவராயினார். நிலம் பிளந்து தாழ்ந்தமையால் உண்டான லிமாஞ் பள்ளத்தின் ஓரத்தே, அவிந்த எரிமலைகள் வரிசையாக நிற்கும் நாடு அது.

உருகிய பாறை குளிருங்கால், அதனுள் அடங்கிய காந்தக் கற்றுகள்கள் அக்காலத்துப் பூமியின் காந்தத் திசையை ஏற்று, பின்னர் அதனை விடாது காக்கின்றன. இஃது அறிஞர் முன்னரே கண்டதோர் உண்மை. ஆயினும் பாறை கூறும் சாட்சியை நம்பலாமோ? புரூன் இரண்டாம் சாட்சி ஒன்றைத் தேடினார். எரிமலைக் குழம்பு களிமண்ணின்மீது பரவுமாயின், அம்மண் செங்கல்போற் சுடப்பட்டுத் தானும் காந்தம் பெறும். பாறை வேறு, மண் வேறு; இரண்டும் ஒரே திசையைக் காட்டுமாயின், அத்திசை அன்றைய பூமியினதே என்பது தெளிவன்றோ?

இக்காந்தம் நெடுநாள் நிலைபெறுமோ என்னும் ஐயத்தை அவருடைய துணைவர் பியர் தவிட் நீக்கினார். மலையுச்சியில் உரோமானியர் எடுத்த மெர்க்குரி கோயிலின் தளக்கற்களை அவர் 1904-ம் ஆண்டு சோதித்தார். கற்றச்சர் மனம்போலத் திருப்பி வைத்தமையாற் கிடைத்திசைகள் வேறுபட்டன. கீழ்நோக்கிய சாய்வோ எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. பல நூற்றாண்டுகள் கழிந்தும் காந்தம் மாறவில்லை.

1905-ம் ஆண்டு, சாலையமைப்போர் காட்டிய பொன்பரேன் என்னுமிடத்துச் சுட்ட களிமண்ணையும் அதன்மேற் படிந்த எரிமலைப் பாறையையும் புரூன் ஆராய்ந்தார். இரண்டும் இக்காலத்துத் திசைக்கு முற்றிலும் எதிராக நின்றன! ஒரு காலத்திற் பூமியின் காந்தமே தலைகீழாக இருந்ததென அவர் துணிந்து, 1906-ம் ஆண்டு அதனை வெளியிட்டார். நாலாண்டு கழித்து, நாற்பத்திரண்டாம் வயதிற் காலமானார்.

உலகம் அவர் கூற்றை உடனே ஏற்றிலது. 1929-ம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் மட்சுயாமா அத்தகைய பாறைகள் பலவற்றைக் காட்டினார். பின்னரோ, தானே திசைமாறும் இயல்புடைய பாறையும் கண்டறியப்பட்டமையால் ஐயம் வலுத்தது. காக்ஸ், டோயல், டால்ரிம்பிள் என்னும் அமெரிக்கர் மூவர், பாறைகளின் வயதைப் பொட்டாசியம்-ஆர்கன் முறையாற் கணித்து, ஒரே வயதுடையன எத்தேயத்தும் ஒரே திசை காட்டுவதை நிறுவிய பின்னரே வழக்குத் தீர்ந்தது. 7,70,000 ஆண்டுகளுக்கு மேலாக இன்றளவும் நடைபெறும் காலப்பகுதி 1964-ம் ஆண்டு முதல் புரூன் பெயரால் வழங்கலாயிற்று.

இன்று, பிளவுப் பள்ளங்களில் அடுக்குப் பாறைகளை ஊடுருவி உறைந்த தீப்பாறைகளின் காலத்தை ஆராய்வோர், அவற்றின் காந்தத் திசையை வயதறிந்த திசைமாற்ற அட்டவணையோடு ஒப்பிடுகின்றனர். ஒரே திசை பல காலங்களில் மீண்டும் மீண்டும் வந்துள்ளமையால், வேறு சான்றுகொண்டே இன்ன காலமெனத் துணிவர். அவ்வூடுருவலாற் சுடப்பட்ட விளிம்பு பாறையோடு ஒத்தும், வெப்பம் எட்டாத தொலைப்பாறை வேறுபட்டும் இருப்பின், அக்காந்தம் உறைந்த காலத்ததே என்று கொள்வர். இது புரூன் காட்டிய நெறியே.

ஒரு சாட்சியோடு அமையாது மற்றொன்றைத் தேடிய அந்நேர்மையே அவர் முடிவை அரை நூற்றாண்டு ஐயத்தினின்றும் காத்தது. ஆராய்ச்சிக்கூடம் புகும் நம் மாணாக்கர் அதனைக் கைக்கொள்வாராக.