சுரங்கத்திலிருந்து வந்த சுகாதார அமைச்சர்

டி. கல்லுப்பட்டியிலே பல வீடுகளில், துணிப்பெட்டியின் அடியிலே பத்திரமாக இருக்கிறது காப்பீட்டு அட்டை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுகிறதே, அந்த அட்டை! குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்கும். இருதயத்திலே அறுவை செய்யவேண்டுமா? மதுரைக்குப் போகலாம், அட்டை பேசும்.

ஆனால், மாலையிலே வேலை முடிந்து வருகிறான் தொழிலாளி. குழந்தைக்குக் காய்ச்சல். தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடுகிறான். அங்கே அட்டை ஊமையாகிவிடுகிறது, பணந்தான் பேசவேண்டும்! அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலே இலவச மருத்துவம் உண்டு, மறுப்பாரில்லை. எனினும், பகலிலே சென்று வரிசையில் நிற்கவேண்டும். நின்றால் அன்றையக் கூலி போகும். பெரிய நோய்க்குப் பாதுகாப்பு இருக்கிறது. அந்தப் பெரிய நோய்க்கு வித்திடும் சிறிய நோய்க்கு இல்லை. விந்தையல்லவா!

இதே சிக்கல் வேறொரு நாட்டுப் பாட்டாளிகளையும் வாட்டியது. அதை அவிழ்த்தவர் மன்னர் மரபினர் அல்ல, மருத்துவரும் அல்ல, நிலக்கரி வெட்டியவர். பெயர் அன்யூரின் பெவன். அவருடைய வாழ்க்கையைத் தோழர்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதுகிறோம்.

பிரிட்டனில், வேல்ஸ் நாட்டிலே டிரெடிகார் என்றொரு சிற்றூர். மலையும் சுரங்கமும் புகையும் சூழ்ந்த அந்த ஊரில், 1897 நவம்பர் 15-ஆம் நாள் பிறந்தார் பெவன். தந்தை சுரங்கத் தொழிலாளி. பத்துக் குழந்தைகள் பிறந்த வீடு, பத்தும் தங்கவில்லை. 13 வயதிலே பள்ளிக்கூடம் முடிந்தது, சுரங்கம் தொடங்கியது. பையனுக்குத் திக்குவாய் வேறு! ஆனால் தொழிலாளர் படிப்பகம் இருந்தது. நாளெல்லாம் கரி வெட்டினார், இரவெல்லாம் ஏடு புரட்டினார். ஒரு சொல் திக்கினால் அதே பொருள் தரும் வேறு சொல்லைப் போட்டுத் தாண்டினார். அப்படித் தாண்டித் தாண்டியே சொற்செல்வரானார். பின்னாளில் பாராளுமன்றத்தையே அதிர வைத்தார்.

அந்த ஊருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1911-ஆம் ஆண்டு லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டத்தின்படி, உழைப்பவனுக்கு மட்டுமே டாக்டர் உண்டு. அவன் மனைவிக்கும் மக்களுக்கும் இல்லை. டிரெடிகார் தொழிலாளர்களோ அதற்கு முன்பே தங்களுக்கென ஒரு மருத்துவ உதவிச் சங்கம் கண்டிருந்தனர். வாரந்தோறும் கூலியிலே சில காசுகள் பிடித்துச் சங்கத்துக்குச் செலுத்தினர். டாக்டர்களை அமர்த்தியது சங்கம்; பயன் பெற்றது குடும்பம் முழுவதும்! பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற கிரோனினும் அங்கே டாக்டராகப் பணிபுரிந்தவர்தான். நோயாளி வாசலில் நிற்கும்போது கையைப் பார்க்கவேண்டுமே தவிர, பையைப் பார்க்கக்கூடாது. இந்தப் பாடத்தை ஏட்டிலே அல்ல, தன் ஊரிலேயே கற்றார் பெவன்.

1925-இல் அவருடைய தந்தை, கரித்தூசி நுரையீரலை அரித்ததால், மகனின் கைகளிலேயே உயிர் துறந்தார். 1929-இல் மகன் பாராளுமன்றம் சென்றார். 1945-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் சுகாதார அமைச்சரானார். 1946-இல் தேசிய சுகாதாரப் பணிச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் வந்தது, டாக்டர் வந்தாரா? அங்கேதான் போர்! மருத்துவர் சங்கம் மறுத்தது. 1948 தொடக்கத்திலே வாக்கெடுப்பு நடத்தியது. பத்தில் ஒன்பது பங்கினர் எதிர்த்தனர். தங்களை அரசின் சம்பளக்காரர்களாக்கிவிடுவார்கள் என்று அஞ்சினர். டாக்டர்கள் சேராவிட்டால் சட்டம் வெறும் காகிதம்!

பெவன் என்ன செய்தார்? எங்கே வளையலாம், எங்கே வளையக்கூடாது என்று கணக்கிட்டார். மருத்துவமனை நிபுணர்கள் தனி நோயாளிகளையும் பார்க்கலாம் என்றார், எதிரணி பிளந்தது. குடும்ப டாக்டர்களைச் சம்பளக்காரர்களாக்கமாட்டோம் என்று உறுதி தந்தார். தம்மிடம் பெயர் பதிந்துகொண்டவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு அவர்களுக்குக் கொடுக்கும். நோயாளி தான் விரும்பும் டாக்டரிடம் பதியலாம். அவரைப் பார்க்கக் காசு தரவேண்டாம். இதிலே ஒரு நுட்பம் உண்டு. ஊரார் பதியத் தொடங்கிவிட்டால், ஒதுங்கி நிற்கும் டாக்டரின் நோயாளிகள் எதிர்வீட்டு டாக்டரிடம் போய்விடுவர்! ஏழைகள் வாழும் சிற்றூர் டாக்டருக்கோ, வராத பாக்கிக்குப் பதிலாக நிலையான வருவாய். நிபுணருக்குக் காட்டிய சலுகையைச் சரணாகதி என்று ஏசியோரும் உண்டு. ஆனால் வாசலிலே காசு கேட்கக்கூடாது என்ற இடத்தில் அவர் வளையவே இல்லை.

1948 ஜூலை 5-ஆம் நாள் கதவு திறந்தது. சில வாரங்களிலேயே மக்களில் மிகப் பெரும்பாலோர் பதிந்துவிட்டனர். பணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் நோயை மூடி மறைத்துவந்த தாய்மார்கள் டாக்டரிடம் வந்தனர். 1951-இல், மூக்குக் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் என்று தம் கட்சி அரசே முடிவெடுத்தபோது, பதவியைத் தூக்கி எறிந்தார் பெவன். 1960 ஜூலை 6-ஆம் நாள், புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. தாம் கண்ட திட்டத்துக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த மறுநாள்!

அதே 1948-இல்தான் நமது நாட்டிலும் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது துணை நிற்கிறது. கல்லுப்பட்டிக் கரிசலிலே பருத்தி எடுக்கும் கூலிக்காரிக்கு அதில் இடமில்லை. அவளிடம் இருப்பது காப்பீட்டு அட்டைதான்.

அந்த அட்டையைப் பெற்றது வெற்றி. ஆனால், அட்டை என்பது பாதி உரிமை. அதை ஏற்றுக்கொள்ளும் உள்ளூர் டாக்டரே மறுபாதி. ஆளுக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்து, சிற்றூர் டாக்டரையும் திட்டத்துக்குள் அழைக்கும் வழியைப் பெவன் காட்டிச் சென்றார். படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் தோழர்கள் இதைப் பேசட்டும். கேட்டால்தான் கிடைக்கும், தெருக்கோடி டாக்டர் வீட்டு வாசலிலும் அட்டை ஒருநாள் வாய்திறக்கும்!