டாக்டர் ஜான் லாங்டன் டவுன்

மரபியல் பாடம் படித்த எவருக்கும் டவுன் நோய்க்குறி என்னும் தொடர் புதிதன்று. இருபத்தோராம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைய, மொத்தம் 47 ஆகிவிடுவதால் வருவது அது என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். ஆனால் அந்த டவுன் யார்? குரோமோசோமைக் கண்டவர் அவர் அல்லர். 1959இல் பாரிசில் லெழேன் முதலியோர் அதை வெளியிட்டபோது டவுன் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் மனவளர்ச்சி குன்றியோர் தங்கியிருந்த ஒரு விடுதி மருத்துவமனையின் டாக்டர். அவர் வாழ்க்கையைப் படிக்கும்தோறும், நோய்க்கு வந்த பெயரைவிட அந்த மருத்துவமனையின் சாப்பாட்டு மேசையே என் நெஞ்சில் நிற்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்னும் பகுதி. அங்கே டோர்பாயிண்ட் என்ற சிற்றூரில் 1828 நவம்பர் 18இல் டவுன் பிறந்தார். தந்தைக்கு மருந்துக் கடை. பள்ளியை விட்ட பையன் அந்தக் கடையில் வேலைக்கு நின்றான். பதினெட்டு வயது இருக்கும்போது ஒருநாள் பெருமழைக்கு ஒரு குடிசையில் ஒதுங்கினானாம். அங்கே மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணைக் கண்டான். இவளுக்கு எதுவுமே செய்ய முடியாதா என்ற கேள்வி அன்று மனத்தில் விழுந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தந்தை இறந்தபின், 1853இல், இருபத்தைந்தை எட்டும் வயதில் லண்டன் ஆஸ்பத்திரியின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பரிசுகளை அள்ளிக் குவித்தார். ஊரே மெச்சும் பெரிய டாக்டராக வருவார் என்று ஆசிரியர்கள் எதிர்பார்த்திருக்க, 1858இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் எர்ல்ஸ்வுட்!

எர்ல்ஸ்வுட் என்பது சர்ரே மாவட்டத்தில் 1855இல் திறக்கப்பட்ட மாளிகை போன்ற கட்டடம். மனவளர்ச்சி குன்றியோருக்கென்றே ஆண்ட்ரூ ரீட் என்ற பாதிரியார் முன்னின்று தொடங்கிய அறநிலையம் அது. அந்நாளில் இத்தகையோருக்கு இருந்த வழிகள் என்ன? வசதியற்றவராயின் ஏழை விடுதி, அல்லது பைத்தியக்கார ஆஸ்பத்திரி. இரண்டிலும் அடைத்து வைப்பதுண்டு; கற்பிப்பதில்லை. எர்ல்ஸ்வுட் கற்பிப்பதாகச் சொன்னது. ஆனால் அதில் இடம் கிடைப்பது எளிதன்று. நன்கொடை கொடுத்தவர்களுக்கு வாக்குரிமை உண்டு. எந்தக் குழந்தைக்கு இடம் என்று அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். தன் பிள்ளைக்காகத் தாய் ஊர் ஊராக வாக்குக் கேட்க வேண்டும்! நம் ஊர்த் தேர்தலில் தோற்றவருக்கு அடுத்த முறை உண்டு. அந்தத் தேர்தலில் தோற்ற குழந்தை எங்கே போயிற்று என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

டவுன் போனபோது உள்ளே நிலைமை சீராக இல்லை. நெரிசலும் அழுக்கும் அடியும் இருந்தன. அரசாங்க மேற்பார்வையாளர்களும் குறை சொல்லியிருந்தார்கள். முப்பது வயது நிறையாத இந்த டாக்டர் முதலில் கை வைத்தது மருந்தில் அன்று, கவனிப்பாளர்கள் மீது. அடிப்பது கூடாது என்றார். ஒத்துவராதவர்களுக்குப் பதில் புதியவர்களைக் கொண்டுவந்தார். சத்துள்ள உணவு, தூய்மை, காற்றோட்டம் ஆகியவற்றை வற்புறுத்தினார். மேசையில் அமர்ந்து கத்தியும் முள்கரண்டியும் பிடித்து உண்ணப் பழக்கினார். சிறிய செய்திதானே என்று தோன்றலாம். தானே உண்ணத் தெரியாதவனைப் பிறர் தொட்டியில் தீனி வைப்பதுபோல் நடத்துவார்கள். கரண்டி பிடித்தவனை அப்படி நடத்த அவர்களுக்கே கூச்சம் வந்துவிடும். என் எண்ணத்தில் எர்ல்ஸ்வுட்டின் பெரிய வைத்தியம் அந்தக் கரண்டிதான்.

பேச்சு வராதவர்களுக்கு நாக்கை அசைக்கும் பயிற்சி தரப்பட்டது. தராசும் காசும் வைத்து வகுப்பிலேயே ஒரு கடை நடத்துவார்கள். ஒரு பிள்ளை விற்க, மற்றொரு பிள்ளை வாங்க, கணக்கு தானாகப் புரியவரும். மருந்துக் கடையில் வளர்ந்தவருக்கு இந்தப் பாடம் பிடித்திருந்ததில் வியப்பென்ன? தச்சுப் பட்டறையில் ஜேம்ஸ் ஹென்றி புல்லன் என்பவர் இருந்தார். காது சரியாகக் கேளாது, பேச்சும் அரிது. ஆனால் கையோ கலைஞரின் கை. கிரேட் ஈஸ்டர்ன் என்னும் கப்பலின் மாதிரியை ஒவ்வொரு உறுப்பாகத் தாமே செதுக்கிப் பல ஆண்டுகளில் முடித்தார். டவுன் புகைப்படக் கலையும் கற்று, அங்கிருந்தவர்களை இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். கனவான்களும் சீமாட்டிகளும் போல நல்ல உடையில் அமர்ந்திருக்கிறார்கள் அவர்கள்!

இனி அவருடைய பிழையையும் சொல்ல வேண்டும். 1866இல் எழுதிய கட்டுரையில், முகத் தோற்றத்தை வைத்து நோயாளிகளை மனித இனங்களின் பெயரால் வகைப்படுத்தினார். ஒரு பிரிவுக்கு மங்கோலியர் பெயரை இட்டார். ஓர் இனத்துப் பெற்றோருக்கு வேறோர் இனத்தின் சாயலில் பிள்ளை பிறக்குமானால் மனித இனங்களுக்கிடையே சுவர் இல்லை என்பது அவர் வாதம். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த நேரம் அது. நோக்கம் நல்லதுதான், பெயரோ நூறாண்டு நீடித்த இழிவு. 1961இல் அறிஞர்கள் சிலர் லான்செட் இதழில் எழுதி அதை மாற்றக் கோரினர். 1965இல் மங்கோலியாவின் வேண்டுகோளை ஏற்று உலக சுகாதார நிறுவனமும் அதைக் கைவிட்டது. டவுன் பெயர் அந்த இடத்தில் வந்து அமர்ந்தது இப்படித்தான்.

1887இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் வேறொரு வகையினரையும் விவரித்தார். ரோமப் பேரரசின் வரலாற்றைச் சொல்லும் பெரும் நூலை ஒரு சிறுவன் மனப்பாடமாகச் சொல்வானாம். முதல்முறை வாசித்தபோது ஒரு வரியைத் தவறவிட்டு, மீண்டும் அதற்குத் திரும்பியிருக்கிறான். அதன்பின் எப்போது ஒப்பித்தாலும் அதே இடத்தில் தவறி, அதே இடத்திற்குத் திரும்புவானாம்! ஆட்டிசம் என்று லியோ கானர் விவரித்தது 1943இல். டவுன் கண்டவர்களுள் சிலர் அத்தகையோரே என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

எர்ல்ஸ்வுட்டில் அவர் நிலைக்கவில்லை. 1867 பாரிஸ் கண்காட்சிக்கு அங்குள்ளோரின் கைவேலைகளை அனுப்பிய செலவு பற்றி நிர்வாகக் குழுவோடு மனக்கசப்பு. 1868இல் விலகி, மனைவி மேரியுடன் தேம்ஸ் நதியருகே நார்மன்ஸ்ஃபீல்டு என்ற சொந்த நிலையத்தைத் தொடங்கினார். வரவு செலவும் வீட்டு நிர்வாகமும் மேரி கையில். 1879இல் அங்கே நாடக அரங்கு ஒன்றும் எழுந்தது. பாடவோ நடிக்கவோ தெரிந்தவர்களையே விரும்பி வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் அது கட்டணம் செலுத்துவோருக்கான இடம். ஏழைப் பிள்ளைகள் வாக்குச் சீட்டை நம்பி எர்ல்ஸ்வுட்டிலேயே நின்றார்கள். டவுனைப் போற்றுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது இயலவில்லை.

1896 அக்டோபர் 7இல் டவுன் மறைந்தார். பிள்ளைகள் பொறுப்பேற்றனர். 1905இல் அவருக்குப் பிறந்த பேரன் ஒருவன் டவுன் நோய்க்குறியோடு பிறந்து, நார்மன்ஸ்ஃபீல்டிலேயே வளர்ந்து, 1970 வரை வாழ்ந்தான். 1951இல் நிலையம் அரசு மருத்துவமனையாயிற்று. 1976இல் அங்குள்ள நர்சுகளே வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்கு நிலைமை கெட்டது. 1978இல் வெளிவந்த விசாரணை அறிக்கை நோயாளிகள் பட்ட அவலத்தை எழுதிவைத்தது. அதே கட்டடம், அதே அரங்கு. பார்த்துக்கொள்ளும் கைதான் மாறியிருந்தது.

எர்ல்ஸ்வுட், நார்மன்ஸ்ஃபீல்டு இரண்டும் 1997இல் மூடப்பட்டன. நோயாளிகள் ஊருக்குள் சிறு வீடுகளில் வாழ வேண்டும் என்ற கொள்கை அதற்குள் வலுத்துவிட்டது. நாடக அரங்கு மட்டும் இடிபடவில்லை. புல்லன் செதுக்கிய அந்தக் கப்பல் பின்னாளில் எர்ல்ஸ்வுட்டிலிருந்து அங்கு வந்து சேர்ந்தது.