நூலகத் தந்தையும் நம்ம கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர்காரன்தானே, டேட்டாபேஸ் பற்றி ஒரு கட்டுரை கொடுங்க என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். சரி என்றேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தவர் ஒரு நூலகர், எஸ்.ஆர்.ரங்கநாதன்.

சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். சிறுவயதில் திக்குவாய். அதையும் மீறி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. கணிதம் முடித்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார் ஆனார். சம்பளம் கூடுதல் என்பதால் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்தார். சில நாளிலேயே போரடித்துவிட்டது! பழைய கல்லூரிக்கே திரும்பிவிடலாமா என்று தவித்தவரை, முதலில் லண்டன் போய்ப் பயிற்சி முடித்து வாருங்கள் என்று அனுப்பி வைத்தார்கள்.

லண்டனில் அவர் டூயி முறையைப் படித்தார். அறிவுத் துறைகளை முன்கூட்டியே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் முறை அது. பல பாடங்கள் கலந்த புத்தகம் வந்தால் என்ன செய்வது? விடை கிடைத்தது ஒரு பெரிய கடையில். மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியின் அதே துண்டுகளையும் திருகாணிகளையும் வைத்து விதவிதமான பொம்மைகள் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். பாடங்களையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, வேண்டியபடி பூட்டினால் என்ன? துண்டுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். கோலன் பகுப்பு முறை 1933-ல் நூலாக வந்தது.

நம்ம மாமல்லபுரத்தையே எடுத்துக்குங்க. பல்லவர் காலத்துக் கற்கோயிலைக் கடல் உப்பிலிருந்து காப்பது பற்றி ஒரு புத்தகம். அதை வரலாற்றில் வைப்பதா, கட்டடக் கலையிலா, வேதியியலிலா? ரங்கநாதன் வழியில் ஐந்து கேள்வி கேட்கணும். எது? கோயில். எதனால் ஆனது? கல். என்ன செய்கிறோம்? பாதுகாப்பு. எங்கே? மாமல்லபுரம். எந்தக் காலம்? பல்லவர் காலம். புத்தகம் இருப்பது ஒரே அலமாரியில்தான். ஆனால் அட்டவணையில் எந்தப் பக்கமிருந்து தேடினாலும் அது அகப்படும்.

டேட்டாபேஸ் படித்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். ஒவ்வொரு விவரத்துக்கும் தனிப் பத்தி, வேண்டியபோது சேர்த்துக் கேட்பது. எட்கர் காட் என்பவர் கம்ப்யூட்டருக்கான அட்டவணை முறையை எழுதியது 1970-ல். இன்று கடைகளின் இணையதளத்தில் விலை, நிறம், அளவு என்று சலித்துத் தேடுகிறோமே, அதுவும் ரங்கநாதன் காட்டிய பாதைதான்.

எனக்கு இதெல்லாம் உறைத்தது 2004 டிசம்பரில். சுனாமி வந்த மறுநாள் நண்பர்கள் சிலர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போனோம். முகாம்களில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலை அடித்தவன் நான்தான். அவசரத்தில் பெயர், ஊர், அப்பா பெயர், முகாம் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டினேன். ஓர் அம்மா மகனைத் தேடி வந்தார். ஏழுமலை என்று தேடினேன், இல்லை. காலையில் வந்தவர் பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒவ்வொரு வரியாகப் படித்தபோது நாலாவது பக்கத்தில் எழுமலை என்று கிடைத்தது. பையன் பக்கத்து முகாமில் பத்திரமாக இருந்தான். தகவல் காலையிலிருந்தே என் மடியில் இருந்திருக்கிறது!

ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. பரீட்சைக்கு உருப்போட்டதுதான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த அன்றுதான் அர்த்தம் புரிந்தது.

படித்தவர்களுக்கு மட்டும் உழைத்தவர் அல்ல அவர். ஊர் ஊராக நூலகம் வேண்டும் என்று போராடினார். நாட்டிலேயே முன்னோடியாக, சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. செங்கல்பட்டில் நாம் சொத்து வரியோடு கட்டும் நூலக வரிக்கு வேர் அங்கேதான். 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையம் தொடங்கினார். 1972-ல் மறைந்தார். அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். டேபிள் போட உட்காரும்போது, உங்களிடம் என்ன தகவல் இருக்கு என்று மட்டும் பார்க்காதீங்க. நாளைக்குத் தேடி வருபவர் என்ன பெயர் சொல்லி, எப்படிக் கேட்பார் என்று முதலில் யோசியுங்கள்.